ஆடுவதற்கு ஆட்டம் வேண்டும்

(வாளையாரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாளையார் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தமிழக-கேரள எல்லைச் செக்போஸ்ட் ஒன்று நினைவுக்கு வரும். லாரி வரிசை, சிமெண்ட் ஆலை, அணைக்கட்டு. அதற்குமேல் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பாக்கியம் உண்டு. காலையில் தமிழ் பேசி, மத்தியானம் மலையாளம் பேசி, சாயங்காலம் பந்து உதைத்து வளர்கிறவர்கள் இவர்கள். மலபார்ப் பக்கத்து செவன்ஸ் ஆட்டத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறுப்பு முடிந்த வயலில் மூங்கில் கேலரி கட்டி, விளக்குப் போட்டு, ஏழு பேருக்கு ஏழு பேர் ஆடுகிற அந்த ஆட்டத்தை எத்தனை இரவுகள் தூக்கம் விழித்துப் பார்த்திருப்பீர்கள்!

ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த கேலரியில் நீங்கள் உட்கார்ந்து பார்த்த ஆட்டங்களில், மைதானத்துக்குள் பெண்பிள்ளைகள் இறங்கிய ஆட்டம் எத்தனை? எண்ணிப் பாருங்கள். விரல் மடக்க வேண்டிய தேவைகூட வராது.

ஏன்? நம் வீட்டுப் பெண்களுக்குக் காலில் பலமில்லையா? மூச்சில் பலமில்லையா? இந்தப் பாலக்காடு மண்ணில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல எவனுக்கும் வாய் வராது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வாங்கிய எம்.டி. வல்சம்மா, பாலக்காடு மெர்சி கல்லூரியில் படித்தவர். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் தங்கம் வாங்கிய பிரீஜா ஸ்ரீதரன், இடுக்கி மலையில் முல்லக்கானத்திலிருந்து வந்தவர். 2017-லும் 2019-லும் ஆசிய தடகளத்தில் 1500 மீட்டரில் தங்கம் வாங்கிய பி.யு. சித்ரா, பக்கத்து முண்டூர்க்காரர். ஓடச் சொன்னால் ஆசியாவையே முந்தி ஓடுகிறவர்கள் நம் பெண்கள். பந்தை மட்டும் விட்டுவிடுவார்களா?

ஆகவே திறமைக்குப் பஞ்சமில்லை. ஆட்டத்துக்குத்தான் பஞ்சம். இதுதான் இன்று நான் சொல்ல வந்தது. இதை ஒரு பெண்ணின் கதையை வைத்துச் சொல்லப் போகிறேன். அவர் பெயர் ஓய்னம் பெம்பெம் தேவி. மணிப்பூர்க்காரர். 21 ஆண்டுகள் இந்தியாவுக்காகக் கால்பந்து ஆடி, 2016-இல் ஓய்வு பெற்றவர். கால்பந்துக்காகப் பத்மஸ்ரீ பெற்ற முதல் இந்தியப் பெண்.

அவர் கதைக்குப் போகுமுன் கோழிக்கோட்டுக்கு ஒரு நடை போய் வருவோம்.

1980 ஜனவரி. ஆசிய மகளிர் கால்பந்துப் போட்டி நடக்கிறது. எங்கே? டோக்கியோவிலா, பாங்காக்கிலா? இல்லை. இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு பகலுக்குள் போய்ச் சேருகிற கோழிக்கோட்டில்! இந்தியா ஓர் அணியை அல்ல, இரண்டு அணிகளை இறக்கியது. அதில் ஓர் அணி இறுதியாட்டம் வரை போனது. தைவான் அணியிடம் இரண்டு கோலில் தோற்றது. ஆசியாவில் இரண்டாம் இடம்! 1983-இல் பாங்காக்கில் மறுபடியும் இறுதியாட்டம், மறுபடியும் இரண்டாம் இடம். அதே 1983-இல் வங்காளத்தின் சாந்தி மல்லிக்குக்கு அர்ஜுனா விருது. கால்பந்துக்காக அர்ஜுனா வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்.

இந்த இடத்தில் நிதானமாகக் கேளுங்கள். சாந்தி மல்லிக்குக்குப் பிறகு கால்பந்துக்காக அர்ஜுனா வாங்கிய அடுத்த பெண் யார்? பெம்பெம் தேவி. எந்த ஆண்டு? 2017! நடுவில் 34 ஆண்டுகள். ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, ஆடி, ஓய்வும் பெற்றுவிடக்கூடிய காலம். அந்த 34 ஆண்டுகளில் இந்த நாட்டில் நன்றாகப் பந்தாடிய பெண் ஒருத்தியும் இல்லையா? இருந்தார்கள். ஆடுவதற்கு ஆட்டம்தான் இல்லை.

கோழிக்கோட்டில் அந்தப் போட்டி முடிந்து மூன்று மாதம் கூட ஆகவில்லை. 1980 ஏப்ரல் 4-ஆம் தேதி இம்பாலில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் பெம்பெம்.

இம்பாலைக் கொஞ்சம் மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். பெண்களே கடை போட்டு, பெண்களே விலை பேசி, பெண்களே நடத்துகிற இமா கெய்த்தெல் என்ற பெரிய சந்தை அந்த ஊரில் உண்டு. 1904-இலும் 1939-இலும் வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்துத் தெருவில் இறங்கிய பெண்களின் வழி வந்தவர்கள் அவர்கள். அங்கே ஒவ்வொரு பேட்டைக்கும் லெய்காய் என்று பெயர். லெய்காய்க்கு லெய்காய் ஒரு திடல், ஒரு கழகம், பந்து உதைக்கிற ஒரு கூட்டம்.

ஆனால் அங்கேயும் கால்பந்து ஆண்பிள்ளைகளின் ஆட்டமாகத்தான் இருந்தது. எட்டு வயதில் பெம்பெம் பந்துக்குப் பின்னால் ஓட ஆரம்பித்தபோது, கூட ஆடியவர்கள் பையன்கள். எதிரணியில் இருப்பவன் பெயரைக் கேட்டால் என்ன செய்வது? பெம்பெம் என்று சொன்னால் பெண் என்று தெரிந்துவிடும், சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் அந்தச் சிறுமி ஒருநாள் தன் பெயர் போபோ என்பாள். இன்னொரு நாள் ஆம்கோ என்பாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு பையன்களுக்கு நடுவே பையனாக நின்று ஆடுவாள்.

தாய்மார்களே, அந்தத் திடலை ஒரு நிமிஷம் பாருங்கள். எட்டு வயதுப் பெண்குழந்தை. பந்து காலுக்கு வருகிறது. "போபோ, இங்கே கொடு!" என்று ஒருவன் கத்துகிறான். கொடுக்க வேண்டும். அதே நேரத்தில் குரல் காட்டிக்கொடுத்துவிடாமல் வாயை மூடிக்கொண்டும் இருக்க வேண்டும். ஆடுவதற்கு ஓர் இடம் கிடைக்க, தன் சொந்தப் பெயரையே ஒளித்துவைத்தாள் அந்தக் குழந்தை. விளையாட்டுக்காகச் செய்த காரியம்தான். ஆனால் வெட்கப்பட வேண்டியது அவள் அல்ல, நாம்.

இது மணிப்பூரோடு நின்ற வழக்கமா? உலகம் பூராவும் இதே கதைதான். இங்கிலாந்தில் 1920 டிசம்பர் 26-இல், டிக் கெர் மகளிர் அணியின் ஆட்டத்தைப் பார்க்க லிவர்பூல் நகர மைதானத்தில் 53,000 பேர் கூடினார்கள். ஒரே வருஷத்தில், 1921 டிசம்பரில், கால்பந்து பெண்களுக்கு ஏற்ற ஆட்டமல்ல என்று சொல்லி, சங்கத்து மைதானங்களில் பெண்கள் ஆட அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் தடை போட்டது. அந்தத் தடை ஐம்பது ஆண்டு நீடித்தது. கூட்டம் வரவில்லை என்றா தடை போட்டார்கள்? கூட்டம் வந்த பிறகு போட்டார்கள்!

பெம்பெம்முக்கு 1991-இல் கதவு திறந்தது. மணிப்பூரின் 13 வயதுக்குட்பட்டோர் அணியில் இடம் கிடைத்தது. அங்கே ஆடியதைப் பார்த்து யாவா என்ற கழகம் அழைத்துக்கொண்டது. 1993-இலிருந்து மாநில அணியில் நிரந்தர இடம். 1995-இல் ஆசியப் போட்டியில் குவாம் அணிக்கு எதிராக இந்தியச் சட்டை. அப்போது வயது 15. நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு உட்காருகிற வயது.

அவர் ஆடியது நடுக்களத்தில். செவன்ஸ் பார்த்துப் பழகிய உங்களுக்கு நடுக்கள ஆட்டக்காரரின் பாடு தெரியும். கோல் போடுகிறவனைத் தோளில் தூக்குவார்கள். கோலைத் தடுக்கிறவனைக் கட்டிப்பிடிப்பார்கள். நடுவில் நிற்கிறவன் தொண்ணூறு நிமிஷமும் முன்னே ஓடி, பின்னே ஓடி, பிடுங்கி, கொடுத்து, மறுபடி பிடுங்க வேண்டும். பந்து காலுக்கு வருமுன்பே தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, அடுத்து யாருக்கு என்று முடிவு செய்திருக்க வேண்டும். வந்த பிறகு யோசித்தால் பந்து போய்விடும். அந்த இடத்தில் 21 ஆண்டு நின்றவர் பெம்பெம்.

2001-இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஆண்டின் சிறந்த வீராங்கனை விருதை அவருக்குக் கொடுத்தது. மறுபடி 2013-இலும் கொடுத்தது. பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை நாட்டின் முதலிடம்! உடம்பை எப்படிக் காத்திருப்பார், மனசை எப்படிக் காத்திருப்பார்!

மனசு என்று ஏன் சொல்கிறேன்? இனி வருவதைக் கேளுங்கள்.

2009-இல் உலகக் கால்பந்துத் தரவரிசைப் பட்டியலிலிருந்து இந்திய மகளிர் அணியின் பெயர் காணாமல் போனது. தோற்றுத் தோற்றுக் கீழே போய்விட்டதா? இல்லை. தோற்பதற்குக்கூட ஓர் ஆட்டம் வேண்டுமே! பதினெட்டு மாதத்துக்கு மேல் நம் பெண்கள் அணி ஒரு சர்வதேச ஆட்டமும் ஆடவில்லை. ஆடாத அணிக்கு என்ன வரிசை என்று பெயரை எடுத்துவிட்டார்கள். கோழிக்கோட்டில் ஆசியாவின் இரண்டாம் இடத்தில் நின்ற அணியின் கதி இது.

அப்போது பெம்பெம்முக்கு 29 வயது. ஓர் ஆட்டக்காரிக்கு உடம்பும் அறிவும் ஒன்றாகச் சேர்ந்து உச்சத்தில் நிற்கிற வயது. அந்த வயதில் அவருக்கு நாடு இருக்கிறது, சட்டை இருக்கிறது, ஆட்டம் இல்லை. வேறு ஒருவராக இருந்தால் பூட்ஸைக் கழற்றி ஆணியில் மாட்டியிருப்பார். இவர் மழை பொய்த்த காட்டில் விதைநெல்லைக் காப்பாற்றி வைக்கிற குடியானவரைப் போலத் தன் ஆட்டத்தைக் காப்பாற்றி வைத்தார்.

காலம் திரும்பியது. 2010 பிப்ரவரியில் டாக்காவில் தெற்காசிய விளையாட்டுத் தங்கம். அதே ஆண்டு டிசம்பரில் காக்ஸ் பஜாரில் தெற்காசிய மகளிர் கோப்பை. 2012-இல் கொழும்பில் மறுபடி கோப்பை. 2014-இல் இஸ்லாமாபாத்தில் மறுபடி கோப்பை. அதே 2014-இல் மாலத்தீவின் நியூ ரேடியன்ட் கழகத்துக்காக வெளிநாடு போய் ஆடினார். 2016 பிப்ரவரியில் ஷில்லாங்கில் தெற்காசிய விளையாட்டு இறுதியாட்டம். நேபாளத்தை இந்தியா நான்கு கோலில் வென்றது. தங்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பெம்பெம் ஓய்வு பெற்றார். 2017-இல் அர்ஜுனா. 2020-இல் பத்மஸ்ரீ.

இங்கே ஒரு கணக்குப் பார்ப்போம். அமெரிக்காவின் மியா ஹாம் என்ற பெயரைத் தம்பி தங்கைகள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1972-இல் பிறந்தவர். 1987 முதல் 2004 வரை 17 ஆண்டு தன் நாட்டுக்கு ஆடினார். ஆடிய ஆட்டங்கள் 276. போட்ட கோல்கள் 158. பெம்பெம் நான்கு ஆண்டு கூடுதலாக ஆடினார். ஆனால் அவர் ஆடிய சர்வதேச ஆட்டங்கள் நூறைத் தொடவில்லை! மியா ஹாமின் காலுக்கும் பெம்பெம்மின் காலுக்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தைப் பற்றி ஆயிரம் பேசலாம். 276-க்கும் நூறுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் காலில் இல்லை, ஐயா. காரியாலயத்தில் இருக்கிறது.

அமெரிக்கப் பெண்களுக்கு அந்த ஆட்டங்கள் எங்கிருந்து வந்தன? மியா ஹாம் பிறந்த அதே 1972-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்குகிற கல்வி நிலையம் எதுவும் ஆண் பெண் என்று பேதம் காட்டக்கூடாது என்றது அந்தச் சட்டம். படிப்பில் காட்டக்கூடாது, விளையாட்டிலும் காட்டக்கூடாது. பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் பெண்களுக்கு அணி அமைத்தே தீர வேண்டியதாயிற்று. அணி வந்தது, பயிற்சியாளர் வந்தார், ஆட்டம் வந்தது. அந்தச் சட்டத்தோடு வளர்ந்த பெண்கள் 1999-இல் உலகக் கோப்பை இறுதியாட்டம் ஆடினார்கள். கலிஃபோர்னியா மைதானத்தில் 90,185 பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். முதலில் ஆட்டம் வந்தது, பின்னால்தான் கூட்டம் வந்தது. நாமோ கூட்டம் வரட்டும், பிறகு ஆட்டம் வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறோம்.

"அமெரிக்கா பணக்கார நாடு, நமக்கு ஆகுமா?" என்று பெரியவர் ஒருவர் மனசுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சரி, அமெரிக்காவை விடுங்கள். மணிப்பூரைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி மணிப்பூர் மாநிலம் முழுவதற்கும் 28 லட்சத்துச் சொச்சம் பேர். பாலக்காடு மாவட்டத்தின் கணக்கு எவ்வளவு தெரியுமா? அதுவும் 28 லட்சத்துச் சொச்சம்! தலைக்குத் தலை சமம். அந்த 28 லட்சம் பேர் தேசிய மகளிர் கால்பந்துப் பட்டத்தை 20 தடவைக்கு மேல் வென்றிருக்கிறார்கள். அங்கே பணமா கொட்டிக் கிடக்கிறது? கலவரமும் கடையடைப்பும் கண்ட மாநிலம் அது. அங்கே இருந்தது பேட்டைக்கு ஒரு திடல், ஒரு கழகம். ஆடி முடித்தால் மாநிலக் காவல்துறையில் ஒரு வேலை. பெம்பெம்மும் மணிப்பூர்க் காவல்துறையில் வேலை பார்த்துக்கொண்டேதான் ஆடினார். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற நிம்மதி இல்லாமல் எந்தப் பெண்ணால் 35 வயது வரை பந்து உதைக்க முடியும்?

தமிழ்நாட்டுக்கும் இந்த வழி தெரியும். 2004 சுனாமி கடலூர்க் கரையைப் புரட்டிப் போட்டது. தாய் தகப்பனை இழந்து அரசுக் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த சிறுமிகளில் சிலர் கால்பந்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். அதே கடலூர் மண்ணிலிருந்து வந்தவர்தான் இந்துமதி கதிரேசன். இந்தியாவுக்கு ஆடினார். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 கொரோனாக் காலத்தில் இந்தியச் சட்டையைக் கழற்றிவைத்துவிட்டுக் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு சென்னைத் தெருவில் நின்று வேலை பார்த்தார். 2018-இல் தேசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் யாரை வென்று பட்டம் வாங்கினார்கள்? மணிப்பூரை! மறு ஆண்டே இந்திய மகளிர் லீக் பட்டத்தை மதுரையின் சேது அணி வாங்கியது.

கேரளம் சும்மா இருந்ததா? கோழிக்கோடு நடக்காவு அரசுப் பள்ளியில் ஃபௌசியா மாம்பற்ற என்ற ஒரு பயிற்சியாளர் இருந்தார். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்து வந்து கால்பந்து கற்றுக்கொடுத்தார். 2021-இல் காலமாகும் வரை அந்தப் பெயர் மலபாரில் பெண்கள் கால்பந்துக்கு மறுபெயராக இருந்தது. கோகுலம் கேரளா அணி 2020-இலும் 2022-இலும் 2023-இலும் இந்திய மகளிர் லீக்கை வென்றது. 2025 ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று, தகுதிச் சுற்று ஆடி ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது இந்திய மகளிர் அணி. கோழிக்கோட்டுக்குப் பிறகு மூடிய கதவு மெல்ல மெல்லத் திறக்கிறது.

ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். 2022 ஆகஸ்டில் ஆசியக் கழகப் போட்டிக்காக கோகுலம் பெண்கள் தாஷ்கென்ட் போய் இறங்கியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து உலகக் கால்பந்துச் சங்கம் இந்தியக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. நிர்வாகத்தில் நடந்த குளறுபடிக்கு அது தண்டனை. தண்டனை யார் தலையில் விழுந்தது? நாற்காலியில் இருந்தவர்கள் தலையிலா? பூட்ஸ் கட்டிக்கொண்டு நின்ற பெண்கள் தலையில்! ஓர் ஆட்டமும் ஆடாமல் திரும்பி வந்தார்கள். 2009-இல் பெம்பெம்முக்கு நேர்ந்ததும் இதுதான். எங்கே குளறுபடி நடந்தாலும் முதலில் பறிபோவது பெண்களின் ஆட்டம்.

ஆகவே என் அன்புக்குரியவர்களே, பெம்பெம் தேவியைப் புகழ்ந்துவிட்டுக் கைதட்டிக் கலைந்து போக நாம் இங்கே கூடவில்லை. அவரை "இந்தியக் கால்பந்தின் துர்க்கை" என்கிறார்கள். துர்க்கை என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டால் நம் கடமை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். கும்பிடு அவருக்கு வேண்டாம். அவருக்கு வேண்டியிருந்தது ஆட்டம். அதை நாம் கொடுக்கவில்லை. அடுத்து வருகிறவளுக்காவது கொடுப்போமா?

என்ன செய்யலாம்? பெரிய காரியம் எதுவும் கேட்கவில்லை. உங்கள் ஊர்த் திடலில் வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் பெண்பிள்ளைகளுக்கு என்று ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் பையன்கள் கேலரியில் உட்கார்ந்து பார்க்கட்டும். அடுத்த செவன்ஸ் சீசனில் இறுதியாட்டத்துக்கு முன்னால் ஒரு பெண்கள் ஆட்டம் வையுங்கள். விளக்கு இருக்கிறது, கேலரி இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. செலவு அதிகமாகாது. பக்கத்துக் கஞ்சிக்கோட்டு ஆலைகளை நடத்துகிறவர்களிடம் போய்ச் சொல்லுங்கள்: ஆடுகிற பெண்ணுக்கு ஒரு வேலை கொடுங்கள், உங்கள் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஆடுவாள். ஆசிரியர்களே, எட்டாம் வகுப்பு வரை ஓடி ஆடிய பெண் ஒன்பதாம் வகுப்பில் ஏன் திடலுக்கு வருவதில்லை என்று வீட்டுக்குப் போய் விசாரியுங்கள். பள்ளிக்கு வராவிட்டால் விசாரிக்கிறீர்கள் அல்லவா? திடலுக்கு வராவிட்டாலும் விசாரியுங்கள்.

தாய்மார்களே, உங்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. உங்கள் மகள் பந்தோடு வாசலில் நின்றால் "இருட்டிவிட்டது, உள்ளே வா" என்று சொல்லாதீர்கள். திடலில் ஒரு விளக்குப் போடச் சொல்லிப் பஞ்சாயத்துக்கு எழுதுங்கள். அவள் தன் பெயரை ஒளிக்காமல், தன் பெயரிலேயே, தன் ஊர்த் திடலில் ஆடட்டும்.

பெண்கள் ஆட்டத்துக்கு இந்த ஆண்டே தேதி குறியுங்கள். வரச் சொன்னால் வந்து கேலரியில் முதல் ஆளாக உட்காருகிறேன்.